லேப்டாப்புக்கு நெற்றி எது?

சேத்தூர் சுந்தரம்மாளைத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் அவள் தைத்த நைட்டியை உடுத்தாத வீடு சுற்றுவட்டாரத்தில் இருக்காது. அது அவள் தைத்தது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. இதுதான் அவளுடைய நெடுநாள் வயிற்றெரிச்சல். ராஜபாளையத்து வியாபாரி ஒருவர் வெட்டிய துணியைக் கட்டுக்கட்டாக அனுப்பி வைப்பார். அவள் வீட்டு முன்னறையில் மெஷின்கள் பகல் முழுக்க ஓடும். தைத்து முடித்ததும் பின்கழுத்தில் ஒரு லேபிளை வைத்து அடிக்க வேண்டும். லேபிளும் துணிக்கட்டோடு சேர்ந்தே வந்துவிடும். அதில் வடநாட்டுப் பேர் இருக்கும், இங்கிலீஷ் பேர் இருக்கும், ஒரு தடவை பேரே இல்லாமல் மயில் படம் மட்டும் இருந்தது.

"தச்சவ இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், கழுத்துல எவ பேரோ தொங்குது" என்பாள். சொல்லிக்கொண்டே அந்த லேபிளையும் கோணாமல் அடித்து முடிப்பாள். சுந்தரம்மாளுக்குக் கையும் வாயும் சேர்ந்தேதான் ஓடும். ஊசி முறிந்தால் மட்டும் இரண்டும் ஒன்றாக நிற்கும். தன் பேர் போட்ட நைட்டி ஒன்று கடையில் தொங்க வேண்டும், அதை யாரோ ஒரு முன்பின் தெரியாத பெண் கழுத்தைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். இந்த ஆசையை அவள் மறைத்து வைத்ததே இல்லை. தெருவில் எல்லாருக்கும் தெரியும். கேட்டுக் கேட்டு அவர்களுக்கே சலித்துவிட்டது.

அந்த ஆசைக்காகத்தான் லேப்டாப் வாங்கினாள் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. மகள் கார்த்திகா ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கல்லூரியில் பி.காம். முதல் வருடம். பாடத்தையெல்லாம் விரிசல் விட்ட செல்போனில் படித்துப் படித்து, எழுத்தைக் கண்டாலே கண்ணைச் சுருக்கும் பழக்கம் வந்துவிட்டது அவளுக்கு. வீட்டுக்காரர் பாண்டிச்செல்வம் மில்லுக்குப் பஞ்சுப் பொதி ஏற்றும் லோடு வேன் ஓட்டுகிறவர். அவருக்குக் கபடி ஆட்டத்தைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும். வீட்டு டிவி அவர் அடித்த அடியில் ஏற்கனவே பாதிப் படம் மட்டும்தான் காட்டிக்கொண்டிருந்தது. ஆக, மூன்று பேருக்கும் மூன்று காரணம் இருந்ததால் பேச்சு சீக்கிரம் முடிந்தது.

தென்காசி ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் எட்வினிடம் போனார்கள். எதற்கு வேண்டும் என்று எட்வின் கேட்டதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்த மூன்றுக்கும் இது தாராளமாகப் போதும் என்று சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து வைத்தார். பெரிய படாடோபம் இல்லை, விலையும் இவர்கள் கைக்கு எட்டுகிற விலைதான். பாண்டிச்செல்வத்தின் கண் மட்டும் பக்கத்திலிருந்த இன்னொன்றின் மேல் இருந்தது. அதில் எழுத்துகளுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது விளையாட்டுப் பிள்ளைகள் வாங்குவது என்று எட்வின் சொன்ன பிறகும் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் கடையைவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சுந்தரம்மாள் செய்த முதல் வேலை, லேப்டாப்புக்கு அளவெடுத்தது. தைத்து மிஞ்சிய பூப்போட்ட துணியில் ஓரத்துக்குப் பைப்பிங் வைத்து, ஒயரைச் செருக ஒரு பையும் வைத்து, உறை ஒன்று தைத்துவிட்டாள். அவளோடு சேர்ந்து தைக்க வரும் எதிர்வீட்டு பானுப்பிரியா அதைப் பார்த்துவிட்டு, லேப்டாப்புக்கும் நைட்டி போட்டுவிட்டாயா என்று கேட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்குப் பேரே நைட்டி என்றாகிவிட்டது. படிக்க உட்காரும் முன் கார்த்திகா, "அம்மா, நைட்டியக் கழத்தட்டுமா?" என்று கேட்பாள். வாசலில் யாராவது நின்றால் முழிப்பார்கள்.

காலையில் பஸ் வரும்வரை லேப்டாப் கார்த்திகாவிடம் இருக்கும். பகலில் வெட்டு மேஜையில், சாக்குக்கட்டிக்கும் நூல்கண்டுக்கும் நடுவில் சுந்தரம்மாளோடு இருக்கும். அவள் அதில் வெவ்வேறு ஊர் நைட்டிகளைத் தேடித் தேடிப் பார்த்து, ஒவ்வொன்றின் தையலுக்கும் குறை சொல்லுவாள். சாயங்காலம் அது பாண்டிச்செல்வத்தின் கபடிக்களமாகிவிடும். இந்த ஏற்பாடு எழுதி வைத்ததுபோல் நடந்தது என்று சொல்ல முடியாது. தினமும் யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். என்றாலும் அதை யாரும் ஒருநாளும் கோபத்தில் படாரென்று மூடியதில்லை. அந்த அளவுக்கு அதன்மேல் மூவருக்கும் பாசம்.

கார்த்திகாதான் அம்மா தைத்த நைட்டிகளைப் படம் பிடித்து இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கிப் போட்டாள். கொஞ்ச நாள் சொந்தக்காரர்கள் மட்டுமே நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு மலேசியாவில் ஈப்போவிலிருந்து தங்கபாய் என்ற அம்மாள் எழுதினார். பிறந்தது ராஜபாளையம், கட்டிக்கொடுத்தது ஈப்போ, அங்கே சொந்தமாகத் துணிக்கடை. தையலை நேரில் பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும், வீடியோவில் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார். ஆயுதபூஜைக்கு மறுநாள் காலை என்று முடிவாயிற்று. சேதி வந்த அன்று முழுவதும் சுந்தரம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. வியாபாரி நடுவில் இல்லாமல், லேபிள் கூடவே வராமல், அவளைத் தேடி வந்த முதல் ஆள் தங்கபாய்தான்.

ஆயுதபூஜையன்று தையல் மெஷின்கள், கத்தரி, இஸ்திரிப் பெட்டி, வேன் சாவி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் பாண்டிச்செல்வத்தின் அக்கா கருத்தம்மா, அங்கே வைத்தியநாதசாமி கோயில் குங்குமத்தை ஒரு பொட்டலம் நிறையக் கொடுத்து அனுப்பியிருந்தாள். லேப்டாப்பின் முறை வந்ததும்தான் தகராறு. அதற்குப் பொட்டை எங்கே வைப்பது? மூடிமேல் வைத்தால் போதும் என்றாள் சுந்தரம்மாள். பாண்டிச்செல்வம் ஒத்துக்கொள்ளவில்லை.

"மூடி அதுக்கு முதுகுல்லா? முதுகுல எவனாவது பொட்டு வைப்பானா? தெறந்தாத்தான் மூஞ்சி தெரியும். மூஞ்சிக்கு மேல இருக்கதுதான் நெத்தி."

சொன்ன கையோடு பெருவிரலால் சந்தனத்தை எடுத்துத் திரைக்கு மேலே நட்டநடுவில் அப்பி, அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தார். அந்த இடத்தில் ஏற்கனவே ஒரு சின்னப் புள்ளி இருந்தது. கம்பெனிக்காரனே பொட்டு வைக்க இடம் குறித்துக் கொடுத்திருக்கிறான் என்று அதற்கும் ஒரு பெருமை பேசினார். சுண்டல் கிளறும் அவசரத்தில் இருந்த கார்த்திகா இதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதை இல்லை.

மறுநாள் காலை மறுபூஜை முடித்து லேப்டாப்பை எடுத்தபோது, கேமராமேல் அப்பிக்கிடந்த பொட்டைப் பார்த்து கார்த்திகா தலையில் அடித்துக்கொண்டாள். பேச வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. துப்பட்டா நுனியால் அவசரமாகத் துடைத்துவிட்டு, அம்மாவை உட்கார வைத்துவிட்டு, லேப்டாப்புக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு நைட்டியாக எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள்.

திரை முழுக்கத் தங்கபாயின் முகம்தான். நல்ல மாதிரியாகப் பேசினார். கழுத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார், பக்கத்துத் தையலை இழுத்துக் காட்டச் சொன்னார், பை எவ்வளவு ஆழம் என்று கையை விட்டுக் காட்டச் சொன்னார். தையலில் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் துணியைப் பார்த்து முகம் மலரவும் இல்லை. பூப்போட்டதெல்லாம் ஒன்றுபோலவே மங்கலாகத் தெரிகிறது, இந்த மாதிரி ஈப்போவில் குவிந்து கிடக்கிறது என்றார். சுந்தரம்மாள் பூப்போட்டதை மடித்து வைத்தாள். கடைசியாக, தையலையாவது இன்னொரு தடவை பார்க்கட்டும் என்று, அளவு பார்ப்பதற்காகச் சாயம் ஏற்றாத வெள்ளைத் துணியில் தைத்து வைத்திருந்த ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

தங்கபாய் நாற்காலியைவிட்டு முன்னால் வந்தார்.

"இந்தா, இந்தக் கலரு! இப்படி ஒண்ணு நான் பாத்ததே இல்லம்மா. பொழுது சாயிற நேரத்து வெளிச்சம் மாதிரில்லா இருக்கு. மத்தத எல்லாம் எடுத்து வையி. இதுல எல்லா அளவுலயும் தச்சு வையி. தீபாவளிக்கு முன்னால கூப்பிடுதேன்."

சுந்தரம்மாள் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. ஒரு நல்ல மனுஷி கேட்கிறாள் என்ற மகிழ்ச்சியில், "சரிக்கா, தச்சு வைக்கேன்" என்று வாய் முந்திக்கொண்டது. சொல்லி முடிக்கவும் தங்கபாய் போய்விட்டார்.

"ஏட்டி, இது என்ன கலரு?" என்று மகளைக் கேட்டாள். வெள்ளை என்றாள் கார்த்திகா. தங்கபாய்க்குப் பொழுது சாயும் வெளிச்சம் மாதிரித் தெரிகிறதாமே என்றாள் தாய். கார்த்திகா முன்னால் வந்து திரையைப் பார்த்தாள். தங்கபாய் போனதும் இந்தப் பக்கத்துப் படம்தான் அதில் பெரிதாகத் தெரிந்தது. அம்மா, சுவர், மெஷின், வெள்ளை நைட்டி எல்லாம் ஒரு இளஞ்சிவப்பில் மினுமினுத்தன. துப்பட்டாவில் துடைத்தது பொட்டை எடுக்கவில்லை, சந்தனத்தோடு குழைத்துக் கேமராக் கண்ணாடிமேல் மெல்லிசாகப் பூசிவிட்டிருந்தது.

அதன்பிறகு பாண்டிச்செல்வத்துக்குக் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. நெற்றி, முதுகு என்று பேசிய ஒவ்வொரு வார்த்தைக்கும் தனித்தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில், சாமி குங்குமம் சும்மா போகுமா, அதுதான் ஆர்டர் கொண்டு வந்திருக்கிறது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வேன் சாவியை எடுத்துக்கொண்டு நழுவினார்.

இல்லாத கலரில் எப்படித் தைப்பது? சுந்தரம்மாள் யோசித்தாள். வெள்ளைத் துணி இருக்கிறது. சாயம் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கலர் துணியில் இல்லை, கடைகளில் இல்லை, உலகத்திலேயே அந்தக் கேமராமேல் பூசிய பூச்சில் மட்டும்தான் இருக்கிறது. அது அழிந்தால் எதைக் காட்டிச் சாயம் போடச் சொல்வது? ஆகவே, எந்தப் பூச்சுக்காகப் புருஷனைத் திட்டினாளோ அந்தப் பூச்சுக்கு அவளே காவல் நின்றாள். லேப்டாப்பின் நைட்டி கழற்றப்பட்டது, உரசிவிடுமாம். திரைப்பக்கம் துணியோடு யாரும் போகக் கூடாது என்று உத்தரவு. பாண்டிச்செல்வம் கபடியில் உணர்ச்சிவசப்பட்டு எச்சில் தெறிக்கக் கத்துகிறவர் என்பதால், அவரைச் சுவரோரமாக உட்கார்ந்து பார்க்கச் சொன்னாள். மழைக்காக ஒருநாள் கல்லூரி இணையத்தில் வகுப்பு நடத்தியபோது, காய்ச்சலா கார்த்திகா, முகம் சிவந்திருக்கிறதே என்று மேடம் கேட்டார். கேமரா ரிப்பேர் என்று சொல்லி அவள் தப்பித்தாள்.

கருத்தம்மாவுக்குச் சேதி போயிற்று. அவள் தெருவிலேயே சீனிச்சாமி என்று ஒருவர், நெசவுக்காரர்களுக்கு நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுப்பவர். சுந்தரம்மாள் வெள்ளைத் துணியையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு ராஜபாளையம் போய், அங்கே பஸ் மாறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டாள். லேப்டாப்பை மூடினால் பூச்சு ஒட்டிக்கொண்டு போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். பாதி திறந்த நிலையிலேயே மடியில் வைத்துக்கொண்டு, வேகத்தடை வரும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரர் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, என்ன படம் ஓடுது என்று கேட்டார். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றாள்.

சீனிச்சாமி முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. அதுவே சுந்தரம்மாளுக்குப் பெரிய ஆறுதல். லேப்டாப்பை வாசல் வெளிச்சத்தில் வைத்து, அதன் முன்னால் வெள்ளைத் துணியைப் பிடிக்கச் சொல்லித் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் துண்டுத் துணிகளை முக்கி எடுத்துவந்து காய வைத்தார். ஒன்று செங்கல் மாதிரி வந்தது. ஒன்று ரோஜாப்பூ. இன்னொன்று பரவாயில்லை. சுந்தரம்மாள் திரையைப் பார்ப்பதும் துணியைப் பார்ப்பதுமாகத் தவித்தாள்.

"கண்ணாடிக்குள்ள தெரியிறது வேற, துணியில ஏறுறது வேறம்மா" என்றார் சீனிச்சாமி. "ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா வராது. ஒங்க கண்ணுக்கு எது பிடிக்குதோ அதச் சொல்லுங்க, அத ஏத்தித் தாரேன்."

யாரும் அவளிடம் இதுவரை இப்படிக் கேட்டதில்லை. துணி வரும், கலர் வரும், லேபிள் வரும், அவள் தைப்பாள், அவ்வளவுதான். துண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு செங்கலையும் தள்ளி, ரோஜாவையும் தள்ளி, பரவாயில்லை என்றிருந்ததைவிடக் கொஞ்சம் அழுத்தமாக, சந்தனம் காய்ந்த நெற்றியில் குங்குமம் ஊறி நிற்குமே, அந்த நிறத்தில் வேண்டும் என்றாள். சீனிச்சாமி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

எல்லா அளவுகளிலும் தைத்தாயிற்று. தங்கபாய் கூப்பிடுவதாகச் சொன்ன நாளும் வந்தது. அன்று காலை வீட்டில் இன்னொரு விவாதம். பூச்சு அப்படியே இருக்கட்டும், அதுதான் ராசி என்றார் பாண்டிச்செல்வம். சிவப்புத் துணியைச் சிவப்புக் கண்ணாடி வழியாகக் காட்டினால் மிளகாய் வற்றல் மாதிரி தெரியும் என்றாள் கார்த்திகா. துடைத்துவிட்டால் தங்கபாய் பார்த்த கலருக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்துவிடுமே என்றார் அவர். இருவரும் சுந்தரம்மாளைப் பார்த்தார்கள்.

அவள் சேலைத் தலைப்பை லேசாக நனைத்து, கேமராவைச் சுத்தமாகத் துடைத்தாள். அத்தனை நாள் கட்டிக் காத்தது ஒரு நொடியில் போயிற்று.

தங்கபாய் திரையில் வந்தார். நைட்டியைப் பார்த்தார். பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார், ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். அன்றைக்குப் பார்த்ததைவிட இது அழுத்தமாக இருக்கிறதே என்று இழுத்தார். வெளிச்சம் அப்படி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று பாண்டிச்செல்வம் சுவரோரமாக இருந்து கையைக் காட்டினார். சுந்தரம்மாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அக்கா, அன்னைக்கு நீங்க பாத்த கலரு துணியிலயே இல்ல. அது வெள்ளத் துணி. எங்க வீட்டுக்காரவுக ஆயுதபூசைக்கு வச்ச குங்குமம் கேமராவுல ஒட்டிக் கெடந்திருக்கு. நீங்க கேட்டதும் வாய் தவறிச் சரின்னுட்டேன். பொறவு நானா ஒரு கலரு பாத்து இத ஏத்தியிருக்கேன். இது கழுத்துல எம் பேரப் போடணும்னு ஆசக்கா எனக்கு. பொய்யச் சொல்லித் தச்ச துணியில பேரப் போட்டா, அந்தப் பேருக்கு என்ன மதிப்பு?"

ஈப்போவிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நெட் போய்விட்டதோ என்று கார்த்திகா குனிந்து பார்த்தாள். நெட் இருந்தது. தங்கபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொட்டு வைத்த அந்த மகராசனைக் கூப்பிடு, பார்க்கணும் என்றார். பாண்டிச்செல்வம் கலைந்த தலையோடு வந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மறுபடியும் சுவரோரம் போய்விட்டார்.

சிரித்து முடித்துத் தங்கபாய் மறுபடியும் நைட்டியைப் பார்த்தார். இப்போது பார்த்தது கடைக்காரியின் கண். மெதுவாகத்தான் பேசினார்.

"அது அழகா இருந்துச்சு, சரி. இது உடுத்துற கலரும்மா. எங்க கடையில எப்பவும் எங்க லேபிளத்தான் அடிப்போம். ஆனா இந்தக் கலர எவளாவது வந்து இன்னொண்ணு கேட்டா, நான் வேற எங்க போயி வாங்க முடியும்? ஒங்கிட்டத்தான வரணும். அதனால ஒம் பேரையே போட்டு அனுப்பு."

சுந்தரம்மாள் சரி என்றாளா, தலையை மட்டும் ஆட்டினாளா என்று அவளுக்கே நினைவில்லை.

லேபிளை கார்த்திகா லேப்டாப்பில் உட்கார்ந்து வரைந்தாள். அன்று கபடி இறுதி ஆட்டம். பாண்டிச்செல்வம் லேப்டாப்பைக் கேட்கவே இல்லை, மகளுக்குப் பின்னால் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். மேலே ஒரு சிவப்புப் பொட்டு, கீழே 'சுந்தரம்மாள், சேத்தூர்'. பொட்டு இன்னும் கொஞ்சம் பெரிசாக இருக்கலாம் என்பது அவருடைய கருத்து. அந்தப் பொட்டு தன்னுடையது, அதைச் சின்னதாகப் போட யாருக்கும் உரிமை இல்லை என்றும் சொன்னார். கலருக்கும் பொட்டுக் கலர் என்றே பேர் வைத்தாயிற்று.

லேபிள்கள் அச்சாகி வந்த அன்று, சுந்தரம்மாள் முதல் நைட்டியை மெஷினில் வைத்து, பின்கழுத்தில் லேபிளைப் பொருத்தி மிதிக்கத் தொடங்கினாள். எத்தனையோ பேர்களை அடித்த கை. 'சுந்தரம்மாள்' என்ற எழுத்து ஊசிக்குக் கீழே வந்ததும் மெஷின் நின்றது. பக்கத்து மெஷினில் இருந்த பானுப்பிரியா, ஊசி முறிந்துவிட்டதா என்று கேட்டாள். ஊசி முறியவில்லை. சுந்தரம்மாளின் கையும் வாயும்தான் நின்றிருந்தன. கண்ணீர் துணியில் விழுந்துவிடக் கூடாது என்று முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பித் துடைத்துக்கொண்டாள். பிறகு ஓரம் கோணாமல் அடித்து முடித்தாள்.

அடுத்த ஆயுதபூஜைக்கு லேப்டாப் புது நைட்டி போட்டிருந்தது, பொட்டுக் கலரில். பாண்டிச்செல்வம் சந்தனக் கிண்ணத்தோடு அதன் முன்னால் உட்கார்ந்து, போன வருட அனுபவத்தில், எங்கே வைப்பது என்று பணிவாகக் கேட்டார். முதுகிலேயே வைத்துவிடுகிறேன் என்றும் சொன்னார்.

"முதுகுல எவனாவது பொட்டு வைப்பானா?" என்றாள் சுந்தரம்மாள். "நெத்தியிலயே வையிங்க. இந்தத் தடவ குங்குமத்தக் கொறச்சு, சந்தனத்தக் கூட்டி வையிங்க. ஈப்போ அக்கா மஞ்சள்ல ஒரு கலரு கேக்காக."